அடியிறக்கமும் ஆம்பளை கையெழுத்தும்

ரேஷன் கடை வரிசையில் சில பெண்கள் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பார்கள். சாய்ந்துகொள்ளச் சுவரைத் தேடுவார்கள். உட்கார ஒரு கல் கிடைத்தால் வரிசை போனாலும் போகட்டும் என்று போய் உட்கார்ந்துவிடுவார்கள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். கிட்டப் போய்க் காதோரம், "ஏனம்மிணி, எறங்குதா?" என்று கேட்பேன். முதலில் கோபம் வரும். "போங்கக்கா, என்ன பேச்சுப் பேசறீங்க" என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே என்னைத் தேடி வந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள்.

இந்த எழுத்து அவர்களுக்குத்தான். வாய்விட்டுக் கேட்க வெக்கப்படுகிறவள் கண்ணால் படித்துக்கொள்ளலாம். நான் மூன்றாவதோடு நின்றவள். மீதிப் படிப்பெல்லாம் மளிகைக்கடைக்காரர் பொட்டணம் கட்டித் தந்த காகிதத்தில் வந்தது. அதனால் எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே வண்டித்தடத்தில் போனால் எங்களூர். இன்னும் கொஞ்சம் போனால் கோயமுத்தூர் ஜில்லா. பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு, ரேஷன் கார்டு கேரளா. எங்களுக்குக் கடலைக்காடு, கொஞ்சம் நெல், நாலு எருமை. எனக்கு மூன்றும் பெண்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு உண்டு. யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் என்ன பிள்ளை என்று பார்த்துத்தான் ஓய்வு. என் ஓரகத்தி பையனைப் பெற்றபோது மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பிரசவ மருந்துச் செலவு அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள், நாட்டுக்கோழி அடித்தார்கள். எனக்கு மூத்தவள் பிறந்தபோது, "போகட்டும், மொதல்ல லட்சுமி வந்திருக்கறா" என்று ஒரு மாதம் விட்டார்கள். இரண்டாமவளுக்கு அதில் பாதி. மூன்றாமவள் பிறந்து தீட்டுக் கழித்த மறுநாளே கடலை பிடுங்கிய காட்டில் மூட்டைக்குத் தலை கொடுத்தேன். "பொட்டப்புள்ளைக்கு என்ன அம்மிணி படுக்கை?" என்றார் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

அந்த மூட்டையைத் தூக்கி நிமிர்ந்தபோது கீழே ஏதோ வழுக்கியது. கனத்த துணி ஒன்று உள்ளிருந்து நழுவின மாதிரி. வலி இல்லை. ராத்திரி குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, கோழிமுட்டை அளவுக்கு ஒரு சதை. படுத்தால் உள்ளே போய்விடும், நின்றால் வரும். சரி, பச்சை உடம்பு, தானாகச் சரியாகும் என்று இருந்தேன்.

ஏழு வருஷம் அப்படியே இருந்தேன்.

அதில் எப்படி வாழ்வது என்று கேட்பீர்கள். வாழலாம். நாலு முழத் துணியைக் கோவணம் போல இறுக்கிக் கட்டிக்கொண்டால் நடக்கலாம். தும்மல் வந்தால் தொடையை இறுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சேலை நனையும். மூத்திரம் போக வேண்டுமானால் அந்தச் சதையை விரலால் மேலே தள்ளிக்கொண்டுதான் போக முடியும். உடம்பில் எப்போதும் ஒரு வாடை. வாடை அடிக்கிறது என்று கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். ராத்திரி வீட்டுக்காரர் பக்கத்தில் வரும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள். தலைவலியை வெளியில் சொல்லிக்கொள்ளலாமே, இதை யாரிடம் சொல்ல?

சொல்லாமலும் இல்லை. ஒருநாள் சொன்னேன்.

எங்கள் பெரிய எருமை கன்று போட்டது. போட்டதும் அதற்கு அடி தள்ளிவிட்டது. பின்பக்கம் சிவப்பாக ஒரு பை தரைக்குத் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். பல்கூட விளக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் பறந்தார். மாட்டு டாக்டரைப் பின்னால் உட்காரவைத்து மிதித்து வந்தார். டாக்டர் மருந்துத் தண்ணீரில் கழுவினார். பைமீது சர்க்கரையை அள்ளி அள்ளித் தூவச் சொன்னார். சர்க்கரை நீரை இழுத்து வீக்கத்தை வற்றவைக்குமாம். வற்றியதும் கையால் உள்ளே தள்ளி, மறுபடி வராதபடி கயிறு கட்டினார். என் வீட்டுக்காரர் எருமையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "சித்த பொறு சாமி, சித்த பொறு" என்று அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் போனபிறகு, நல்ல நேரம் இதுதான் என்று நினைத்து, "ஏனுங்க, எனக்கும் இப்படித்தானுங்க, கொஞ்ச நாளா" என்றேன்.

அவர் எருமைக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். "பொம்பளைகளுக்கு அதெல்லாம் இருக்கறதுதான். போயி சக்கரை டப்பாவை எடுத்து வை, எறும்பு வந்துரும்" என்றார்.

அதை மாமியார் கேட்டுவிட்டார். மறுநாள் அவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கையில் அதே சர்க்கரை டப்பா. "எருமைக்கு வத்துச்சே, உனக்கு வத்தாதா? படு அம்மிணி" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கண்ணால் பார்த்தது. எனக்கும் புத்தி போயிற்று. படுத்தேன். சர்க்கரையை வைத்துத் துணியை அடைத்துக் கயிற்றால் கட்டிவிட்டார். மூன்று வேளையும் மாற்றி மாற்றி வைத்தோம். ஆனால் எருமைக்கு அன்றைக்கு வந்த பச்சைச் சதை. என்னுடையது ஏழு வருஷமாகத் துணியில் உரசிக் காய்த்துப் புண்ணாகிக் கிடந்தது. அதில் சர்க்கரை வைத்தால் என்ன ஆகும்? ராத்திரி எறும்பு வந்தது. இதற்கு மேல் இதை எழுத என்னால் முடியாது. மூன்றாம் நாள் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, பிதற்ற ஆரம்பித்துவிட்டேனாம்.

என் அண்ணனுக்கு ஆள் போனது. அவர்தான் வண்டியில் போட்டு, பிறகு பஸ்ஸில் படுக்கவைத்து, பாலக்காட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பேர் எதற்கு, அங்கே எனக்கு நல்லது செய்தவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் கேட் வரைக்கும்தான் வந்தார். எமர்ஜென்சிக் காலம் அது. ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்த ஆம்பளையைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் புரளி. எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

வெளி நோயாளிகள் உட்காரும் வராந்தாவில் பெஞ்சு இரண்டு, பெண்கள் ஐம்பது பேர். எல்லாரும் புடவைத் தலைப்பை மூக்குவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். லேடி டாக்டர் மலையாளத்துக்காரர். முடி நரைத்தவர். தமிழ் பேசினால் பாதி மலையாளம் வரும். துணியை விலக்கிப் பார்த்தார். பார்த்ததும் நிமிர்ந்து நர்ஸைப் பார்த்தார். "எந்தா இது? பஞ்சாரையா?" என்றார். பஞ்சாரை என்றால் சர்க்கரை.

நான் ஆமாம் என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவரே கழுவினார். கழுவிக்கொண்டே விளக்கினார். கர்ப்பப்பை என்பது வயிற்றுக்குள் சில தசைக் கயிறுகளில் தொங்குகிறது. பிரசவத்தில் அந்தக் கயிறுகள் தளர்ந்துபோகும். இறுகுவதற்குச் சில வாரம் வேண்டும். இறுகுவதற்குள் பாரம் தூக்கினால் கயிறு இழுபட்டுப் பை கீழே இறங்கும். இறங்கும்போது பக்கத்திலிருக்கிற மூத்திரப்பையையும் கூட இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் மூத்திரம் அடக்க முடிவதில்லை. "இது உன் பாவமும் அல்ல, சாபமும் அல்ல. மூட்டை. மூட்டைதான் காரணம்" என்றார். ஏழு வருஷத்தில் இதை எனக்கு ஒருத்தர் சொன்னது அன்றைக்குத்தான்.

வார்டில் படுக்கவைத்தார்கள். முதலில் புண் ஆற வேண்டும். மஞ்சள் மருந்தில் நனைத்த துணியை உள்ளே வைத்துத் தினமும் மாற்றுவார்கள். கால்பக்கம் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். "ரத்தம் இல்லை, வெள்ளம்தான் உள்ளது" என்று நர்ஸ் சிரித்தாள். வெள்ளம் என்றால் தண்ணீர். பிறகு புண்ணிலிருந்து ஊசிமுனை அளவு சதையை வெட்டித் திருச்சூருக்கு அனுப்பினார்கள். எதற்கு என்று கேட்டேன். "புண்ணு வெறும் புண்ணா, வேற சீக்கா என்று பார்க்க" என்றார்கள். வேற சீக்கு என்றால் புற்று. அதற்குப் பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை. அண்ணன் பொண்டாட்டி தினமும் பஸ் ஏறி வந்து, ரசஞ்சோற்றைப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டினாள். ஊரில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாது. அதையும் எழுத வேண்டுமல்லவா.

பக்கத்துக் கட்டிலில் நெம்மாறைப் பக்கத்து தேவகி சேச்சி. அவளுக்கும் இதே நோய். என்னைவிட வயசில் மூத்தவள், பேரன் பேத்தி எடுத்தவள். அவளிடம் எருமைக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிப்பிக்காதடீ, எறங்கி வரும்" என்று கெஞ்சினாள். பிறகு, "உங்க நாட்டிலே ஒரு சொல் உண்டல்லோ, பொண்டாட்டி செத்தால் புது மாப்பிள்ளை?" என்று கேட்டாள்.

"உண்டுங்க சேச்சி."

"எருமை செத்தாலோ?"

"எருமை செத்தா நட்டமுங்க."

வார்டே சிரித்தது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கினபோது ஒருத்தியும் ஒருத்தி முகத்தைப் பார்க்கவில்லை.

திருச்சூரிலிருந்து பதில் வந்தது. வெறும் புண்தான். புண்ணும் ஆறிக்கொண்டு வந்தது. டாக்டர் வந்து சொன்னார்: ஆபரேஷன் செய்து பையை எடுத்துவிட வேண்டும், தளர்ந்த சதையை இழுத்துத் தைக்க வேண்டும். செய்யாவிட்டால் மறுபடி இறங்கும், மறுபடி புண்ணாகும், சிறுநீரகத்துக்கு ஏறும். அப்புறம் நான் அதிக வருஷம் இருக்கமாட்டேன். "ஒன்றே ஒன்று. பர்த்தாவு ஒப்பிட வேண்டும்" என்றார். புருஷன் கையெழுத்துப் போட வேண்டும் என்று அர்த்தம்.

"நானே போடறனுங்க டாக்டரம்மா. மூணாவது படிச்சிருக்கறேன்."

"நீ போட்டால் செல்லாது."

"எங்கண்ணன் போடுவாருங்க."

"அண்ணன் போட்டாலும் பெரிய டாக்டர் கத்தி எடுக்கமாட்டார். கர்ப்பப்பையல்லவா." இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பை என் வயிற்றில். இறங்கியது என் காலிடுக்கில். எறும்பு கடித்தது என்னை. அதற்குச் சொந்தக்காரர் எதிரே டீக்கடையில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் போய்க் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் வரவில்லை. மாமியார்தான் வந்தார். டாக்டரிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "பையை எடுக்காம, மேல தூக்கிக் கட்ட முடியாதுங்களா? எங்க எருமைக்குக் கட்டி உட்டாங்களே. இன்னும் ஒண்ணே ஒண்ணு பெத்துக்கட்டும். பையனா இருந்தாப் பெறகு எடுத்துக்குங்க."

"தூக்கித் தைக்கலாம் அம்மே. மறுபடி பிரசவித்தால் கிழியும். இவள் செத்துப்போவாள்."

மாமியார் யோசித்தார். நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். உண்மையாகவே யோசித்தார். "ஊட்டுல கலந்துக்கறோமுங்க" என்றார். அந்த யோசனைக்குள் நானும் ஒரு பக்கத் தட்டில்தான் இருந்தேன். மறு தட்டில் இன்னும் பிறக்காத ஒரு பையன். அவன் பக்கம் கனமாக இருந்தது.

கையெழுத்து இல்லாமல் கட்டில் கொடுத்து வைத்திருக்க முடியாது. வெளியே பாயில் எத்தனையோ பேர். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியாவிட்டால் அனுப்பிவிடுவோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். டாக்டர் ஆள்விட்டு என் வீட்டுக்காரரை மிரட்டி உள்ளே வரவழைத்தார். அவர் வந்தார். வேட்டியை இரண்டு கையாலும் முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டுப் போட்டவன் எவனைப் பார்த்தாலும் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தார். தேவகி சேச்சி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

டாக்டர் அறுவை அறையில் இருந்தார். அவருக்காக என் வீட்டுக்காரர் என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு காலேஜில் படிக்கிறவள், ஊர் நாகர்கோவில் பக்கம். பெண்களின் நோய்களைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. நோய் வந்து எத்தனை நாள் பொறுத்திருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், வரலாம் என்று யார் முடிவு செய்தார்கள் என்று கட்டில் கட்டிலாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்து, "எவ்வளவு நாளா இருக்கு அக்கா?" என்றாள்.

"ரெண்டு மாசமா இருக்குதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அக்காகிட்ட கேட்டேன்."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, பட்டிக்காடு. எங்கிட்டக் கேளுங்க."

"ஏழு வருசமுங்க" என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏழு வருசமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ?"

"சொன்னனுங்க. எருமைக்குத் தவிட்டுத் தண்ணி கலக்கிட்டிருந்தீங்க."

அவர் முகத்தில் ஏதாவது வருமா என்று பார்த்தேன். நினைவுபடுத்திப் பார்த்தார். "ஓ, அன்னைக்கா" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். காகிதத்தில் அந்தக் கேள்வி இருந்ததோ இல்லையோ, குனிந்து, "அக்கா, இந்த ஆபரேஷன் வேணும்னு நீங்க நினைக்கியளா?" என்று கேட்டாள். டாக்டர் கையெழுத்துக்கு அவரைத் தேடினார், மாமியாரிடம் பேசினார், அண்ணனைத் தூது விட்டார். என்னை யாரும் இதைக் கேட்கவில்லை. எனக்கே பதிலைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"வேணும். எழுதிக்கம்மிணி. எனக்கு வேணும்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்த ஆராய்ச்சியில் கடைசியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் முகம்கூட மறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் டாக்டரிடம், "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக வெளியே போனார்.

வியாழக்கிழமை மாமியார் தனியாக வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். அவர் எனக்குப் பழம் உரித்துக் கொடுத்தது கல்யாணமான பிறகு அதுதான் முதல்தடவை. அதனால் பயந்தேன்.

"அம்மிணி, அவன் கையெழுத்துப் போடறேங்கறான்."

"போடச் சொல்லுங்க அத்தை."

"போட்டா, ஊட்டுக்கு ஒரு பையன் வேணுமல்லோ? கெணத்துக்கடவுப் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்கறோம். ஏழைப்பட்டவங்க. ஆனா அவுங்க ஒண்ணு சொல்றாங்க. மூத்தவ இருக்கறப்பப் பொண்ணு குடுத்தா நாளைக்குக் கேசு கீசுன்னு வருமாம். மூத்தவ கையால உப்புச்சக்கரை வாங்கினாத்தான் ஆச்சாம்."

எங்கள் கவுண்டர் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால் உப்பும் சர்க்கரையும் வைத்துத் தட்டு மாற்றுவார்கள். அது கைமாறினால் பேச்சு முடிந்தது. அதை நான் என் கையால் கொடுத்துவிட்டால், பிறகு எந்த ஊர்ச் சபையிலும் நான் வாய் திறக்க முடியாது.

"கொடுக்கலீன்னா?"

மாமியார் கடைசிச் சுளையை என் கையில் வைத்தார். "அவன் கையெழுத்துப் போடமாட்டான் கண்ணு" என்றார். கண்ணு என்று கூப்பிட்டார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். ஊசி போட்டிருந்தார்கள், நன்றாகத் தூங்கினேன். காலையில் தேவகி சேச்சியிடம் சொன்னேன். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வேணமெங்கில் சக்க வேரிலும் காய்க்கும்" என்றாள். வேணுமென்றால் பலா வேரிலும் காய்க்குமாம். "அவனுக்கு வேணும்போது எழுத்து வருது பார்."

அண்ணன் கொதித்தார். "வா, நம்மூட்டுக்குப் போலாம். கேசு போடலாம்" என்றார். கேசுக்கு வருஷக்கணக்காகும், கட்டில் அன்று சாயங்காலம் போய்விடும். கோர்ட்டு என்ன, என் அடியைத் தூக்கிக் கட்டுமா? மாமியாரிடம் சரியென்று சொல்லிவிடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். வராந்தாவில் பினாயில் வாடைக்கு நடுவில், என் வீட்டுக்காரர், மாமியார், பெண்ணின் அப்பா, அம்மா. நர்ஸ் என்னைப் பிடித்து நடத்திக்கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, ஒரு பொட்டணம் உப்பு, ஒரு பொட்டணம் சர்க்கரை. சர்க்கரைப் பொட்டணத்தில் எறும்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

பெண்ணின் அம்மா கிட்ட வந்து, "உனக்கு முழுச் சம்மதந்தானா அம்மிணி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவளே சொல்லித்தானுங்க பண்றோம்" என்றார் மாமியார்.

தட்டை என் கையில் வைத்தார்கள். நான் நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். "மொதல்ல கையெழுத்து. அப்புறந்தான் தட்டு" என்றேன்.

"இத்தனை பேருக்கு முன்னாடி என்ன பேச்சு இது? குடுத்தாப் போடமாட்டனா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"போடுவீங்க. நான் உசுரோட இருக்கறப்பப் போடுங்க."

நர்ஸ் ஏற்கெனவே காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சுவரில் வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டார். நர்ஸ் அதை வாங்கி ஊதிக் காயவைத்து உள்ளே எடுத்துப்போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகு தட்டை நீட்டினேன். பெண்ணின் அம்மா வாங்கிக்கொண்டாள். 

திங்கட்கிழமை ஆபரேஷன். முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள். வளைந்து படுக்கச் சொல்வார்கள், பயப்படாதீர்கள், சுருக்கென்று ஒரு குத்துதான். இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாகிவிடும். பேச்சுக் கேட்கும், வலிக்காது. வயிற்றைக் கிழிக்கமாட்டார்கள், அடிவழியாகவே எடுத்துவிடுவார்கள். எனக்கு ரத்தம் போதவில்லை என்று அண்ணன் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இனி தன்னால் உழவு பிடிக்க முடியாதோ என்று மூன்று நாள் பயந்துகொண்டிருந்தார், பாவம். மூத்திரத்துக்குக் குழாய் வைப்பார்கள், அது ஒரு வாரம் தொந்தரவு. குழாயை எடுத்த அன்று நானாக நடந்து போனேன். அடக்கினால் அடங்கியது. விட்டால் வந்தது. விரல் வைக்கவில்லை. கக்கூசில் நின்று வாய்விட்டு அழுதேன். வெளியே நின்ற தேவகி சேச்சி கதவைத் தட்டி, "எந்தா, விழுந்தோ?" என்று அலறினாள். "இல்லீங்க சேச்சி, ஒண்ணும் விழல. இனி ஒண்ணும் விழாது" என்றேன்.

அவளுக்கு ஆபரேஷன் நடக்கவே இல்லை. இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ரப்பர் வளையத்தை உள்ளே வைத்து, இதுவே காலில்லாதவனுக்கு ஊன்றுகோல் மாதிரி என்று அனுப்பினார்கள். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். வளையமும் நல்ல வைத்தியந்தான். ஆரம்பத்திலேயே போனால் ஆபரேஷனே வேண்டியதில்லை, அடியை இறுக்கும் பயிற்சியும் வளையமும் போதும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். ஏழு வருஷம் காத்திருக்காதீர்கள்.

என்னை வீட்டுக்கு விடும் நாளை டாக்டர் சொன்னார். யாரும் கூட்டிப்போக வரவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல். ஊரிலிருந்து வந்த ஒரு ஆள்தான் சொன்னான், முகூர்த்தம் அன்றைக்குத்தானாம். ஆறு மாதம் எடை தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடியில் செருகிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். நம் வீடு, வேறெங்கே போவது? என் பெண்கள் மூன்றும் அங்கேதானே.

கோயிலில் தாலி கட்டி முடிந்து, எங்கள் வாசலில் பந்தல் போட்டு முதல் பந்திக்கு இலை விரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கூட்டமில்லை. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. புதுப் பெண்ணைப் பார்த்தேன். சின்ன வயசு, ஒல்லி இடுப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அவளோடு எனக்கென்ன சண்டை.

மாமியார் சமாளித்துக்கொண்டு ஓடி வந்தார். "வா அம்மிணி, நல்ல நேரத்துல வந்தே. ஆள் பத்தலை. அந்தச் சோத்துப் போசியை இப்படித் தூக்கிட்டு வா, பந்திக்குப் போடோணும்" என்றார்.

"எடை தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கறாங்க அத்தை."

சொல்லிவிட்டு நான் போய் முதல் பந்தியில், பெண் வீட்டாருக்கு நடுவில், காலியாக இருந்த ஒரு இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தேன். பரிமாறுகிற பையன் என் மாமியாரைப் பார்த்தான். "போடு சாமி, இலை காயுது" என்றேன். போட்டான்.

பருப்பும் நெய்யும், கச்சாயம், பொரியல், குழம்பு. ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்த நாக்குக்கு எல்லாமே அமிர்தம். ஊர்ப் பெண்கள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள். என் பெண்கள் மூன்றும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டன. பக்கத்து இலையில் பெண்ணுக்குப் பெரியப்பன் முறையில் ஒரு கிழவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனம்மிணி, தப்பா நெனைக்காதே. கட்டினவன் கல்யாணத்துல உக்காந்து இப்படி வழிச்சு வழிச்சுச் சாப்படறயே?"

"ஆமாங்க பெரியப்பா," என்றேன், "இந்தக் கல்யாணத்துக்கு எல்லாரையும்விட நாந்தான் அதிக மொய் வெச்சிருக்கறேன்." பரிமாறுகிறவனைக் கூப்பிட்டேன். "சாமி, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி."